பொறுமை கேட்கும் பழுப்புப் பாசி

இல்லங்களில் அழகுமீன் வளர்ப்போருள் சிலர், நன்னீர்த் தொட்டியோடு அமையாது கடல்நீர்த் தொட்டி அமைக்கவும் துணிகின்றனர். மணல் பரப்பி, பாறை அடுக்கி, உப்புநீர் நிரப்பி விளக்கேற்றினால், கடலின் சிறு கூறொன்று கூடத்திற்கு வந்ததுபோல் தோன்றும். பிள்ளைகளின் களிப்பைச் சொல்லவும் வேண்டுமோ! ஆனால், இரண்டொரு வாரங்களில் மணல்மீதும் கண்ணாடிமீதும் பழுப்புநிறப் படலம் ஒன்று படியத் தொடங்கும். இன்று துடைத்தால் நாளை மீண்டும் தோன்றும். மனம் சோர்ந்தவர்கள் பாசிக்கொல்லி மருந்தை ஊற்றுவர். அன்றேல் அனைத்தையும் இறைத்துக் கழுவி, முதலிலிருந்து தொடங்குவர். இரண்டும் வேண்டா.

அப்பழுப்பு யாது? கரையில் ஒதுங்கும் சர்காசம் போன்ற பழுப்புக் கடற்பாசி அன்று அது. பெரும்பாலும் டையாட்டம் எனும் ஓரணு உயிரே. சிலிக்காவாலான, கண்ணாடி போன்ற ஓட்டினுள் அது வாழ்கிறது. புவியில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வினத்தின் தொண்டு என அறிவியலார் கணிக்கின்றனர். இவற்றின் ஓடுகள் படிந்து உண்டான மண்ணில் நைட்ரோகிளிசரினை ஊறவைத்தே ஆல்பிரட் நோபல் 1867-இல் டைனமைட்டை உருவாக்கினார்.

குழாய்நீரிலும் கிணற்றுநீரிலும் சிலிக்கேட் கரைந்துள்ளது. டையாட்டம் ஓடு கட்டுவது அதைக் கொண்டுதான். புதுத் தொட்டியில் போட்டியிடப் பிற பாசிகளும் மேய்ந்துண்ணப் பிற உயிர்களும் இல்லாமையால், முதலில் வந்தது பரவிவிடுகிறது. சிலிக்கேட் தீர்ந்ததும், பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறையும்.

அதேவேளையில் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு பணியும் அங்கே நடைபெறுகிறது. மீன்களுக்கு நஞ்சாகிய அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதனைப் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறுகின்றன. அவை நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். பாறையைக் குழாய்நீரில் தேய்த்துக் கழுவினால், பாசியோடு அவையும் மடியும். அம்மோனியா பெருகி மீன்கள் இறக்கும். செம்பு கலந்த பாசிக்கொல்லியோ நத்தை, இறால், பவளம் ஆகியவற்றைக் கொன்றுவிடும். பழுப்புப் பாசி கொல்லாத உயிரை நம் அவசரம் கொல்கிறது.

செய்ய வேண்டுவன சிலவே. உப்பைக் கரைக்க, ஆர்.ஓ. முறையில் வடித்து, அயனி நீக்கும் பிசின் வழியே செலுத்திய நீரைப் பயன்படுத்துக. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு போதும். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. ஆதலின் குறைந்த அளவை ஈடுசெய்ய உப்பில்லாத அத்தூய நீரையே ஊற்றுக. குழாய்நீரை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் சிலிக்கேட்டையும் சேர்த்தவராவீர். கண்ணாடியை மென்பஞ்சால் துடைத்து, மணல்மேற் படலத்தைக் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். விளக்கு நாள்தோறும் 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் எனச் சோதனை காட்டிய பின், டிரோக்கஸ், செரித் போன்ற கடல்நத்தைகளை விடலாம். அவை படலத்தை மேய்ந்து தீர்க்கும். மீன்களை அதன்பின் ஒன்றிரண்டாகவே சேர்க்க வேண்டும்.

இரண்டு மாதங்களுக்குப் பின்னும் நீங்காவிடில், ஊற்றும் நீரைச் சோதித்தறிக. கொழகொழத்த இழைகளாய், குமிழிகள் ஒட்டியதாய்க் காணப்பட்டால், அது வேறொரு வகை உயிராக இருக்கலாம். அதற்கு மருத்துவமும் வேறு.

மீன் எப்போது வருமெனப் பிள்ளைகள் நாளும் கேட்பர். அவர்கள் கையில் சோதனைக் குழாயைக் கொடுத்து, வாரந்தோறும் நீரின் நிலையைக் குறித்துவரச் செய்யுங்கள். காத்திருப்பதும் வளர்ப்பின் ஒரு பகுதியே என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.