மோதினாலே தப்பா?

அம்பயர்னதும் நமக்கு ஞாபகம் வர்றது எல்.பி.டபிள்யூ.தான். பந்து ஸ்டம்ப்பில் பட்டிருக்குமா, பட்டிருக்காதா? பேஸ்பால் அம்பயருக்கு அதைவிடச் சிக்கலான வேலை ஒண்ணு இருக்கு. ரெண்டு பேர் ஓடுற வேகத்துல மோதிக்கிட்டா, வழி யாருக்குச் சொந்தம்னு அவர் உடனே சொல்லணும்.

விதி இதுதான். பேட்டர் அடிச்ச பந்தை எடுக்கப் போற ஃபீல்டருக்குத்தான் வழி. ரன்னர் ஒதுங்கணும். ஒதுங்காம அவரைத் தடுத்தா அது 'இன்டர்ஃபியரன்ஸ்', ரன்னர் அவுட். ஆனா ஃபீல்டர் கையில பந்தும் இல்லை, பந்தைப் பிடிக்கிற முயற்சியிலும் இல்லைன்னா, வழி ரன்னருக்கு. அப்போ ஃபீல்டர் குறுக்கே இருந்து ஓட்டத்தைக் கெடுத்தா 'அப்ஸ்ட்ரக்ஷன்'. ஆக, மோதல் மட்டுமே தப்பு இல்லை. உடம்புல படாமலேயே தப்பு நடக்கவும் செய்யலாம். குறுக்கே நிக்கிறவரைச் சுத்திப் போக ரன்னர் வேகத்தைக் குறைச்சாலே போதும்.

2013 உலகத் தொடரின் மூணாவது ஆட்டத்தைப் பாருங்க. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கும் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் போட்டி. ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4 சமநிலை, ரெண்டு பேர் அவுட். பாஸ்டன் கேட்சர் மூணாவது பேஸுக்கு எறிஞ்ச பந்து விலகிப் போச்சு. அதைப் பிடிக்கப் பாய்ஞ்ச மிடில்புரூக்ஸ் தரையில விழுந்து கிடக்கார். ஹோம் பிளேட்டுக்கு ஓடக் கிளம்பின ஆலன் கிரெய்க் அவர் மேல தடுக்கி விழுந்து, எழுந்து ஓடுறார். பந்து அவருக்கு முன்னாடியே வந்துடுச்சு. பார்க்கிறவங்க கண்ணுக்கு அவுட். ஆனா மூணாவது பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் அப்ஸ்ட்ரக்ஷன்னு ஏற்கெனவே சைகை காட்டிட்டார். ரன் கொடுத்தாங்க. கார்டினல்ஸ் 5-4 வெற்றி.

பாஸ்டன் ரசிகர்கள் கொதிச்சாங்க. “அவர் வேணும்னு தடுக்கலையே! விழுந்தவர் எங்கே போவார்?” நியாயமான கேள்விதான். கிரிக்கெட்ல பேட்டருக்கு 'அப்ஸ்ட்ரக்டிங் த ஃபீல்ட்' கொடுக்கணும்னா அவர் வேணும்னே தடுத்திருக்கணும். பேஸ்பால் அப்ஸ்ட்ரக்ஷனுக்கு உள்நோக்கம் தேவையே இல்லை. பந்தைத் தவறவிட்டுத் தரையிலேயே கிடந்து ரன்னரைத் தாமதப்படுத்தினாலும் அது தடுப்புதான்.

இதுதான் சரின்னு நான் சொல்வேன். மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எந்த அம்பயராலும் அளக்க முடியாது. விளைவை அளக்கலாம். நாம டிசைன் பண்ண பாலம் இடிஞ்சா, 'வேணும்னு பண்ணல சார்'னு சொல்லித் தப்பிக்க முடியுமா? ரன்னர் இழந்த அந்த ரெண்டு எட்டு, தடுத்தவர் நல்லவரா இருந்தாலும் திரும்பி வராது.

“கடைசி நொடியில அம்பயர் ஆட்டத்தை முடிக்கக் கூடாது, ஆடுறவங்கதான் முடிக்கணும்”னு இன்னொரு வாதம் இருக்கு. யோசிச்சுப் பாருங்க, ஜாய்ஸ் கையைத் தூக்காம இருந்திருந்தா அதுவும் ஒரு முடிவுதான். கார்டினல்ஸுக்கு நியாயமா வர வேண்டிய ரன்னைப் பறிக்கிற முடிவு. முதல் இன்னிங்ஸ்ல தப்புன்னா ஒன்பதாவதுலயும் தப்பு.

அதுக்காக அம்பயர் எதையும் கொடுத்துடலாம்னு அர்த்தம் இல்லை. 2024 மே மாசம் சிகாகோ வொயிட் சாக்ஸ் 6-8னு பின்தங்கியிருந்தப்போ, கடைசி இன்னிங்ஸ்ல ஒரு பந்து மேலே கிளம்புச்சு. இன்ஃபீல்ட் ஃப்ளை, பேட்டர் அவுட். ரெண்டாவது பேஸுக்குத் திரும்பிக்கிட்டிருந்த ஆண்ட்ரூ வான், பந்தைப் பிடிக்க வந்த பால்டிமோர் ஃபீல்டர் ஹென்டர்சனுக்குக் குறுக்கே வந்தார்னு அவரையும் அவுட் கொடுத்தாங்க. ஆட்டம் அதோட முடிஞ்சுது. ஆனா ஹென்டர்சன் அந்தப் பந்தைப் பிடிச்சுட்டார்! உள்நோக்கம் பார்க்க வேண்டாம், சரி. உண்மையிலேயே தடை நடந்ததான்னு பார்க்கணும் இல்லையா? என் கணக்குல அங்கே யாரும் எதையும் இழக்கலை.

அம்பயரோட பொறுப்பு இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கு. தடை நடந்திருந்தா, ஆட்டம் எந்த நிலையில இருந்தாலும் தயங்காம கையைத் தூக்கணும். நடக்கலைன்னா, உரசலைப் பார்த்ததும் பதறக் கூடாது. அடுத்த தடவை இப்படி ஒரு வீடியோ உங்க கண்ணுல பட்டா, 'வேணும்னு பண்ணானா?'ன்னு சண்டை போடறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: அப்போ வழி யாருக்கு? அவர் இழந்தது என்ன?