லாப விகிதமும் ஜனங்களின் பணமும்

கணிப்பொறிகளில் தகவலைச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க் என்னும் கருவியைச் செய்கிற அமெரிக்கக் கம்பெனியான ஸீகேட்டின் பங்குதாரர்களிடையே ஒரு பெரிய விவாதம் நடந்து வருகிறது. 2023 ஜூனில் முடிந்த காலாண்டில் அக்கம்பெனி விற்ற ஒவ்வொரு 100 டாலர் சரக்கிலும் உற்பத்திச் செலவு போக மிஞ்சியது 19 டாலரே. 2025 செப்டம்பர் காலாண்டில் அது 39 டாலருக்கு மேல் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழும் தகவல் மையங்களுக்குச் சேமிப்புக் கருவி போதவில்லை என்பதே முக்கிய காரணம். உலகில் இக்கருவியைச் செய்வோர் மூவரே. ஆகையால் இந்த லாபம் நிலைக்கும் என்கின்றனர் ஒரு சாரார். தட்டுப்பாடு தீர்ந்தால் விலை சரியும், லாபமும் உடன் சரியும் என்கின்றனர் மற்றொரு சாரார்.

இரு சாராரும் விகிதத்தைப் பற்றியே வாதிடுகின்றனர். அவ்விகிதம் எதை அளக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். 2011ஆம் வருஷம் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து, வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனியின் தொழிற்சாலைகள் நீரில் மூழ்கின. சரக்குக் குறைந்தது, உலகெங்கும் ஹார்டு டிஸ்க்கின் விலை ஏறியது, விலையோடு லாப விகிதமும் உயர்ந்தது. தொழிற்சாலை நீரில் நின்ற காலத்துக்குப் பின் கணக்குப் புஸ்தகம் செழித்ததென்றால், அந்த விகிதத்தை ஒரு தொழிலின் ஆரோக்கியத்துக்கு அத்தாட்சியாகக் கொள்ள முடியாதல்லவா? அது பெரும்பாலும் அந்நேரத்துத் தட்டுப்பாட்டின் அளவேயாகும்.

அயல்நாட்டுப் பங்குதாரர்களின் விவாதத்தால் நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். உதகமண்டலம் காந்தலில் உள்ளவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். அதற்கப்பால், கூடலூர்ச் சாலையில், இந்து நகரில் நின்ற ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் சரித்திரத்தை அவர்கள் அறிவார்கள். பிம்பங்களைப் பதிந்து காக்கும் பிலிமை இத்தேசமே செய்துகொள்ள வேண்டுமென்று 1960இல் இந்திய சர்க்கார் அதனை ஸ்தாபித்தது. தூசில்லாத மலைக்காற்றும் குளிரும் அத்தொழிலுக்கு ஏற்றவையென நீலகிரி தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியுடன் 1967இல் உற்பத்தி தொடங்கிற்று. 'இந்து' என்ற பெயருடைய எக்ஸ்ரே பிலிம் நாட்டின் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சென்றது.

பின்னர் பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்காகக் கடன் மூலதனத்தில் புதிய ஆலை எழுந்தது. 1991க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. வெளிநாட்டுச் சரக்குடன் போட்டி வந்தது. சில வருஷங்களில் டிஜிட்டல் முறை பிலிமையே வேண்டாததாக்கிற்று. கடன் மட்டும் நின்றது, வட்டி வளர்ந்தது. உற்பத்தி ஏறக்குறைய ஓய்ந்துவிட்ட கடைசிக் காலத்தில், வருஷத்துக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டப்பட்டது. அதில் மிகப் பெரும்பகுதி வட்டியே. 2014இல் சர்க்கார் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அங்கீகரித்தது. ஆலை மூடப்பட்டது.

பிலிம் தொழிலுக்கு இதுவே விதி என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானின் ஃபூஜி கம்பெனியும் பிலிமையே விற்று வாழ்ந்தது. மெல்லிய தாளில் ரசாயனத்தைச் சீராகப் பூசும் வித்தையை அது கைவிடவில்லை. அதே வித்தையைக் கொண்டு கணிப்பொறித் தகவலைச் சேமிக்கும் காந்த நாடாவைச் செய்து விற்கிறது. லாபம் வந்த நாளில் அடுத்த மாறுதலுக்கென ஒரு பங்கை ஒதுக்கி வைத்தவர் பிழைத்தார். அப்படி ஒதுக்காத தொழிலில் கஷ்டம் முதலில் தொழிலாளியின் வீட்டைத் தட்டுகிறது.

இப்பொழுது இதை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. குஜராத்தின் ஸானந்தில், நினைவகச் சில்லுகளையும் சேமிப்புக் கருவிகளையும் இணைத்துச் சோதிக்கும் ஆலைக்கு 2023இல் மைக்ரான் கம்பெனியுடன் ஏற்பாடு செய்யப்பட்டது. மொத்தச் செலவு 275 கோடி டாலர். இதில் 50 சதவிகிதம் மத்திய சர்க்காரும், 20 சதவிகிதம் குஜராத் சர்க்காரும் ஏற்கின்றன. கம்பெனியின் பங்கு 82.5 கோடி டாலர் வரையிலேயே. அதே 2023இன் தொடக்கத்தில், நினைவகச் சில்லுகளின் விலை வீழ்ந்து, மைக்ரானுக்கு உற்பத்திச் செலவுகூடத் திரும்பாத நிலை இருந்தது. இத்தொழிலின் ஏற்றமும் இறக்கமும் அத்தனை வேகமானவை.

இத்தகைய முயற்சி கூடாதென்பது நமது கட்சியன்று. தேசத்தில் இத்தொழில் வேரூன்ற வேண்டுமென்பதே நமது விருப்பமும். ஆனால் பத்தில் ஏழு பங்கு பணம் கொடுத்தவர் இந்நாட்டு ஜனங்கள். பத்தில் மூன்று பங்கு போட்டவரின் பங்குதாரர்கள் காலாண்டு தோறும் கேள்வி கேட்கின்றனர். ஏழு பங்கு போட்டவர்க்குக் கேட்கச் சபை இல்லையா? பொதுப்பணம் பெறும் ஒவ்வொரு ஆலையும் என்ன கற்றுக்கொடுத்தது, எத்தனை பேருக்கு நிலையான வேலை தந்தது, அடுத்த மாறுதலுக்கென எவ்வளவு ஒதுக்கியது என்ற மூன்று கணக்குகளையும் வருஷந்தோறும் பாராளுமன்றத்தில் வைக்கும்படி சர்க்கார் விதிக்க வேண்டும். லாப விகிதம் அவற்றுக்குப் பின் நான்காவதாக வரட்டும். இந்து நகரில் இக்கேள்விகள் காலத்தில் கேட்கப்படாததற்கு நீலகிரி கொடுத்த விலையை, ஸானந்தும் கொடுக்க வேண்டியதில்லை.