வெட்கம் நோய்க்கு மருந்தாகுமா?



கண் சிவந்தால் அம்மாவிடம் ஓடுகிறோம். பல் வலித்தால் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டுகிறோம். பெண்ணுறுப்பில் அரிப்போ எரிச்சலோ கண்டால் மட்டும் வாய்மூடி இருந்துவிடுகிறோம். என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் ஒருபுறம். அதை எடுத்துச் சொல்லச் சொல்லே இல்லாத குறை மறுபுறம். 'அங்கே', 'கீழே', 'தூரம்' என்று சுற்றி வளைத்தே பேசிப் பழகிவிட்டோம். பெயரைச் சொல்லவே நாணுகின்ற உறுப்பை நாம் எவ்வாறு பேணப் போகிறோம்?

முதலில் உண்மையை அறிவோம். பருவமடைந்த பெண்ணின் யோனியில் நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரிகளுக்கு இவை உறவு. இவை உண்டாக்கும் லாக்டிக் அமிலம் நோய்க்கிருமிகள் பெருகாமல் காக்கிறது. உட்புறம் தன்னைத்தானே தூய்மை செய்துகொள்ளும். ஆகவே சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம் ஆகியவற்றை உள்ளே செலுத்துவது காவற்காரனை விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். வெளிப்புறத்தைத் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும். பருத்தி உள்ளாடை அணிவதும், அதை மூலையில் மறைத்து வைக்காமல் வெயிலில் உலர்த்துவதும், மாதவிடாய் நாட்களில் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை நாப்கினை மாற்றுவதும் நல்ல பழக்கங்கள்.

சிறிதளவு வெள்ளைப்படுதல் இயல்பே. உடம்பு உருகிப்போவதாக அஞ்ச வேண்டியதில்லை. துர்நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், தயிர்த் திரள் போன்ற கசிவு, அரிப்பு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் இவற்றில் எதைக் கண்டாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இவற்றுள் பல எளிதில் குணமாகக் கூடியவை. மறைத்து வைப்பதால்தான் சிறியது பெரிதாகிறது.

பள்ளியில் கழிவறைக்குப் போக விரும்பாமல் நாள் முழுவதும் தண்ணீரே குடிக்காத தோழியர் நம்மிடையே உண்டு. பெண்களுக்குச் சிறுநீர்க்குழாய் குறுகியது. கிருமி எளிதில் ஏறிவிடும். சிறுநீரை அடக்குவது அதற்குத் துணைபோவதாகும். இது அடக்கமும் அன்று, ஒழுக்கமும் அன்று.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துப் பள்ளியொன்றில், மாதவிடாய் வந்த எட்டாம் வகுப்பு மாணவி வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து தேர்வு எழுத நேர்ந்த செய்தியை நாம் படித்தோம். அதே கோவையில்தான் திரு. அருணாசலம் முருகானந்தம் ஊராரின் ஏளனத்தைப் பொருட்படுத்தாது, குறைந்த விலையில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். 2016இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஓர் ஆண்மகன் வெட்கப்படாமல் செய்ததை நாம் வெட்கப்படாமல் பேசவேனும் வேண்டாமா?

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஒருத்தியைப் பற்றி நற்செய்தி கூறுகிறது. தீட்டு என்று ஊர் ஒதுக்கிய அவளை ஆண்டவர் ஒதுக்கவில்லை. கூட்டத்தின் நடுவே 'மகளே' என்று அழைத்தார். அவர் வெறுக்காத உடலை நாம் ஏன் வெறுக்க வேண்டும்?

ஆகவே மதர் அவர்களிடமும் சிஸ்டர்களிடமும் பணிவுடன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். கழிவறைதோறும் மூடியுள்ள குப்பைக்கூடையும் எந்நேரமும் தண்ணீரும் வேண்டும். பாட வேளையிலும் காரணம் கேளாது அனுமதி தர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெண் மருத்துவர் ஒருவர் வந்து எங்கள் ஐயங்களைத் தீர்க்க வேண்டும். பெற்றோரே, உங்களுக்கும் ஒன்று: மகள் கேட்கும்போது 'சும்மா இரு' என்று சொல்லாதீர்கள். தந்தையர் கடையில் நாப்கின் வாங்கினால் கறுப்புப் பை கேட்க வேண்டாம்.

நாணம் பெண்ணுக்கு அணிகலனாக இருக்கலாம்; அறியாமை ஒருபோதும் ஆகாது. தோழியரே, தலைநிமிர்ந்து கேட்போம், நலமுடன் வாழ்வோம்!