சட்ட மாணாக்கர் செய்ய வேண்டிய வேலை

1924-ம் வருஷத்துச் சம்பவமல்ல. 2024 டிசம்பர் 1-ந் தேதி நடந்தது. ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து, திருவண்ணாமலை வ. உ. சி. நகரில் ஒரு வீட்டை மூடிற்று. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். சர்க்கார் நிவாரணத் தொகை கொடுத்தது. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் நிவாரணம் தயையினால் வருவது. உரிமை என்பது வேறு.

அவ்வுரிமை ஏட்டில் இருக்கத்தான் செய்தது. அதே வருஷம் மார்ச் 21-ந் தேதி, சீதோஷ்ண மாறுதலின் தீங்குகளுக்கு ஆளாகாமல் வாழ்வது ஜனங்களின் உரிமை என்று, அரசியல் சட்டத்தின் 14, 21-வது ஷரத்துக்களை ஆதாரமாகக் கொண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறியது. வழக்கோ, சூரிய ஒளி மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கம்பிகளில் மோதி மடியும் கானமயிலைப் பற்றியது! மலையடிவாரத்துக் குடியானவனுக்கு அதில் என்ன பாத்தியதை என்று எடுத்துச் சொல்வார் யார்? சரிவில் குடியிருப்பவனை ஆக்கிரமிப்பாளன் என்று கூறிவிட்டால் விஷயம் தீர்ந்ததா? அவனிடம் வீட்டுவரி வாங்கியிருந்தால், வாங்கியவர்களுக்குப் பொறுப்பில்லையா? முன்னெச்சரிக்கை செய்வது சர்க்காரின் சலுகையா, கடமையா?

இத்தகைய கேள்விகளை ஆராயவே, சீதோஷ்ண மாறுதலையும் மின்சாரம் முதலிய சக்திகளையும் பற்றிய சட்டங்களுக்கென ஒரு பத்திரிகையை அமெரிக்காவில் ஸான் டீகோ சர்வகலாசாலைச் சட்ட மாணாக்கர் 2009-ல் தொடங்கினார்கள். மாணாக்கரால் ஆவதென்ன என்று நகைப்போர் பசிபிக் தீவுகளைப் பார்க்கட்டும். அங்கே 2019-ல் 27 சட்ட மாணாக்கர் தொடங்கிய கிளர்ச்சிதான், சீதோஷ்ணத்தைக் காப்பது ராஜ்யங்களின் சட்டபூர்வமான கடமை என்று 2025 ஜூலை 23-ந் தேதி சர்வதேச நீதிமன்றத்தையே அபிப்பிராயம் கூறச் செய்தது.

பெங்களூரிலும் கல்கத்தாவிலும் நம் மாணாக்கர் நடத்தும் சட்டப் பத்திரிகைகள் உண்டு. கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவில்லை, எல்லாம் ஆங்கிலம், வக்கீல்கள் வக்கீல்களுக்காக எழுதுவது. அவ்விதம் இன்னொன்று நமக்கு வேண்டாம். வேலூர், விழுப்புரம் சட்டக் கல்லூரி மாணாக்கர் தமிழில் ஒன்று தொடங்க வேண்டுமென்கிறோம். தமிழில் சட்டச் சொற்கள் போதா என்பது வீண் வாதம். கோர்ட்டு வாசலில் கட்சிக்காரனுக்கு வக்கீல் எந்தப் பாஷையில் தீர்ப்பை விளக்குகிறார்?

முதல் இதழுக்கு விஷயம் தேடி அவர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வக்கீலாயிருந்து தேசத்துக்காகச் செக்கிழுத்தவரின் பெயரைத் தாங்கிய அந்த நகருக்கு, மார்ச் மாதத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும். அங்குள்ளவர்களுக்கு அதைப் படித்துக் காட்டி, அவர்கள் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொண்டு வரட்டும்.