சின்ன வாசலுக்கு ஒரு மரம்



"மரம் வைக்க ஆசைதான், இடத்துக்கு எங்கே போவது?" லண்டன் வாசகர்கள் பலர் கேட்பது இது. நியாயமான கேள்வி. வரிசை வீடுகளின் முன்வாசல் நாலு எட்டில் முடிந்துவிடுகிறது. ஆசையாக வைத்த கன்று சில வருடங்களில் கூரையைத் தொடும். பிறகு ஆள் வைத்து அதன் தலையை வெட்டுவோம். அப்படி மொட்டையடிக்கப்பட்ட மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. வளர்ந்தபின் வெட்டுவதைவிட, வளர்ந்தாலும் வாசலுக்குள் அடங்கும் மரத்தைத் தேர்ந்து நடலாமே! அதனால் இந்த இலையுதிர்கால இதழில் ‘கம்பால்’ என்ற குட்டை ரக லிக்விடாம்பரை உங்களுக்குச் சொல்கிறேன்.

லிக்விடாம்பர் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களுக்கும் மெக்சிகோ, குவாத்தமாலா மலைக்காடுகளுக்கும் உரிய மரம். காட்டில் 30 மீட்டர் உயரம் சாதாரணம். பட்டையைக் கீறினால் மணமுள்ள பிசின் வடியும். 1680களில் வர்ஜீனியாவில் இருந்த பாதிரியார் ஜான் பானிஸ்டர், லண்டன் பிஷப் ஹென்றி காம்ப்டனுக்கு இதை அனுப்பிவைத்தார். புல்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் அது வளர்ந்தது. இந்த ஊர் மண்ணுக்கு 300 ஆண்டுகளுக்கு மேல் பழகிய மரம் இது.

இதன் இலை, ஐந்து முனை நட்சத்திரம். அக்டோபர் கடைசியில் பச்சையம் வடியும்போது உள்ளே மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வரும் அந்த வாரங்களில்தான் இலை அதைப் புதிதாக உண்டாக்குகிறது. ஆகவே நல்ல வெயில் விழும் இடத்தில் நடுங்கள். நிழலில் நின்றால் நிறம் மங்கிவிடும்.

கம்பால் ரகம் உயரமாக ஓடாது. நெருக்கமாகக் கிளைத்து உருண்டையாகவே வளரும். நாற்றுப்பண்ணைகளில் சாதாரண லிக்விடாம்பரின் நேரான தண்டில், ஆள் உயரத்தில் இதை ஒட்டுக்கட்டுகிறார்கள். அதற்குப் பிறகு தண்டு பருக்குமே தவிர நீளாது. வாங்கும்போது தலை எந்த உயரத்தில் தொடங்குகிறதோ, இருபது வருடம் கழித்தும் அங்கேதான் தொடங்கும். பெரிய மரத்தின் முள் உருண்டைக் காய்கள் நடைபாதையில் விழுந்து காலை இடறும். இந்த ரகம் காய்ப்பது அரிது. தெருவோரத்துக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

ஒட்டுக்குக் கீழே தளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் அது பழைய பெரிய மரமாக எழுந்து ஒட்டை அமுக்கிவிடும். சுண்ணாம்பு மண் ஆகாது, இலை வெளுக்கும். லண்டன் களிமண் வறட்சியில் சுருங்கும், மரம் நீரை உறிஞ்சினால் இன்னும் சுருங்கும். அதனால் வீட்டுச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். முதல் இரண்டு கோடையில் தண்ணீர் தவறக் கூடாது.

முன்வாசலே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். வீட்டுக்கு எதிரே நடைபாதையில் மரம் வேண்டும் என்று கேட்டால் லண்டனின் பல கவுன்சில்கள் பரிசீலிக்கின்றன. நடவுக் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. விண்ணப்பத்தை இப்போதே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்