மலத்தை எண்ணுவது யார் வேலை?

கல்லீரல் செயலிழந்தவரைக் காப்பாற்றுவது அறுவை நிபுணரின் கை மட்டுமே, செவிலியர் செய்வது துடைப்பதும் குறித்துவைப்பதும்தான், ஆகவே ஆறு மாதம் பயின்ற உதவியாளரே போதும் என்று குரோம்பேட்டைக் கூட்டமொன்றில் பேசினார் ஒரு மருத்துவமனை நிர்வாக ஆலோசகர். துணைக்குக் கல்லீரல் மாற்று அறுவை நிபுணர் முகமது ரேலாவின் பெயரை அழைத்துக்கொண்டார். 1997-இல் லண்டனில், பிறந்து 5 நாளே ஆன சிசுவுக்கு ரேலா கல்லீரல் பொருத்தியது பெரும் சாதனை, யார் மறுத்தார்கள்? ஆனால் கத்தியைக் கீழே வைத்த பிறகு அந்தச் சிசுவின் மூத்திரத்தைச் சொட்டுக் கணக்கில் அளந்துகொண்டு விடிய விடிய விழித்திருந்தது யார்?

மலம் துடைக்கும் வேலை என்று முகம் சுளித்தாரே அந்த ஆலோசகர், அந்த இடத்தில்தான் அவருடைய அறியாமை அம்பலமாகிறது. குடலில் ஊறும் அம்மோனியாவை முறிக்கக் கல்லீரலுக்குத் தெம்பில்லாதபோது அது மூளைக்கு ஏறிப் புத்தியைக் கலக்குகிறது. அதனால்தான் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தைக் கொடுத்து நாளுக்கு 2, 3 தடவை இளக்கமாகப் போகவைக்கிறார்கள். போகாவிட்டால் மயக்கம், மிஞ்சிப்போய்ப் பேதியானால் நீர் வற்றி, உப்புச்சத்து குலைந்து, அப்போதும் மயக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே மருந்தின் அளவை நிலைநிறுத்த, எண்ணிக்கை யாரிடம் இருக்கிறது?

என் சித்தப்பா இதே கல்லீரல் நோயோடு தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு சிஸ்டர் தினமும் ஒரே நோட்டில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்வார். நான்காம் நாள் இரவு பெயரின் பின்பாதி கோட்டுக்குக் கீழே சரிந்தது. கைகளை நீட்டி மணிக்கட்டை நிமிர்த்தச் சொன்னார். இரண்டு கையும் சிறகு போல அடித்துக்கொண்டன. பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி முழுக்கப் புரள்கிறாரே, ஒரு தூக்க மாத்திரை கொடுங்களேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தோம் நாங்கள். அந்தப் புரளலே நோய் மூளையைத் தொட்டதன் அறிகுறி, மாத்திரை கொடுத்தால் நிலைமை மோசமாகும் என்று மறுத்து, சர்க்கரையைப் பார்த்துவிட்டு டூட்டி டாக்டரை எழுப்பினார். இது குறித்துவைக்கும் வேலையா, நோயைக் கண்டுபிடிக்கும் வேலையா?

இப்படிப்பட்ட நோயாளிக்குப் பருப்பும் முட்டையும் ஆகாது, கஞ்சிப் பத்தியம் போதும் என்று அந்த ஆலோசகர் அதே கூட்டத்தில் சொன்னதும் காலாவதியான பாடம். புரதத்தைக் குறைத்தால் தசை கரையும். அம்மோனியாவைக் கல்லீரலுக்கு அடுத்தபடி முறிப்பதே தசைதான். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், படுக்கும் முன் ஒரு சிற்றுண்டி என்பதே இன்றைய நடைமுறை.

இவ்வளவும் தெரியாமலா பேசினார்? நோயாளியின் பில்லில் "24 மணி நேரக் கண்காணிப்பு" என்று தனிக் கட்டணம் போடச் சொல்லிக்கொடுப்பதும் இவர் போன்ற ஆலோசகர்கள்தான். பில் போடும்போது நிபுணத்துவமாக இருக்கிற வேலை, சம்பளம் போடும்போது மட்டும் எப்படித் துடைப்பு வேலை ஆகிறது?