அரிச்சந்திரனுக்கு அழுத ஊர்

போன பங்குனியில் ஒரு தோழர் எனக்கு ரீல்ஸ் ஒன்றை அனுப்பியிருந்தார். சிவகங்கைப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். விடியற்காலை. பொட்டலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சனம் உட்கார்ந்திருக்கிறது. மேடையில் ஒற்றை ஆளாக அரிச்சந்திரன், தோளில் சுடுகாட்டுக் கோல். கீழே 'நம் மண்ணின் கலை, அழிய விடலாமா?' என்று எழுதி நாலைந்து இதயக் குறிகள். "அந்த ராஜபார்ட் ராத்திரி எங்கே சாப்பிட்டார் என்று கேட்டீர்களா?" என்று பதில் அனுப்பினேன். தோழர் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. என் அப்பா முப்பது வருடம் ராஜபார்ட். அம்மா டான்ஸ். பள்ளிக்கூட லீவு நாட்களில் என்னை வீட்டில் விட ஆள் இல்லாததால் நாடகத்துக்குக் கூட்டிப்போவார்கள். சனங்கள் மேடையை முன்னாலிருந்து பார்த்தார்கள். நான் பின்னாலிருந்து பார்த்து வளர்ந்தவள்.

தெரியாத தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற இசை நாடகங்களைத்தான் தெற்கு மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகம் என்கிறோம். இதில் குழு கிடையாது, இயக்குநர் கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து. ஆர்மோனியமும் மிருதங்கமும் வேறு எங்கிருந்தோ. ஒவ்வொருவரையும் ஏஜெண்ட் தனித்தனியாகப் பேசி முடித்திருப்பார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கொட்டகையில்தான் பல நேரம் முகம் பார்த்துக்கொள்வார்கள். பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நாடகம். மாசியிலிருந்து ஆடிவரை ஓட்டம், மழைக்காலத்தில் கடன். கலை என்று நீங்கள் சொல்வது எங்கள் வீட்டில் தினக்கூலி வேலை. அதிலும் ராத்திரி ஷிப்ட்.

"நாடகக்காரனுக்குச் சாதி இல்லை" என்று எங்கள் ஆட்களே பெருமையாகச் சொல்வார்கள். பாதி உண்மை. என் அப்பா ஒரு சாதி, அம்மா வேறு சாதி. திரைக்குப் பின்னால் ஒரே தூக்குவாளியில் டீ குடிப்போம். ஒரே பவுடர் டப்பாவில் பத்துப் பேர் கை வைப்போம். (சாப்பாட்டு வேளைக்கு மட்டும் தனியாக எழுந்துபோய் ஒதுங்கிச் சாப்பிட்ட மிருதங்கக்காரர் ஒருவரும் எங்களோடு இருந்தார். அவரைச் சேர்க்காமல் விட்டால் நான் பொய் சொல்கிறவளாவேன்.) ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குள் கால் வைத்ததும் முதல் கேள்வி வந்துவிடும்.

"தம்பிக்கு எந்தப் பக்கம்?"

"மதுரைங்க."

"மதுரையில?"

தெருப் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அப்பா சிரித்துக்கொண்டே, "நாடகக்காரங்க, அம்புட்டுதாங்க" என்பார். கேட்டவருக்கு அது போதாது. போதாத ஊர்களில் எங்களுக்கு வீட்டுத் திண்ணையில் இலை விழாது. பள்ளிக்கூடத்து வராந்தாவுக்கு அலுமினிய அண்டாவில் சோறு வரும். பேப்பர் கப்பில் தண்ணீர் வரும். பேப்பர் கப் வந்ததை முன்னேற்றம் என்று எழுதிய ஆட்கள் இருக்கிறார்கள். இரட்டைக் குவளையைக் கழுவி வைக்கும் வேலை மிச்சமானது, அவ்வளவுதான்.

கொட்டகை என்றால் என்னவென்று தெரியுமா? மேடைக்குப் பின்னால் நாலு கம்பு, மூன்று பக்கம் தென்னந்தட்டி, நாலாவது பக்கம் அம்மாவின் பழைய சேலை. அதற்குள் ஆணும் பெண்ணும் அரிதாரம் பூசி, உடை மாற்ற வேண்டும். தட்டி இடுக்கில் எப்போதும் கண்கள் இருக்கும். ஊர்ப் பையன்கள் டார்ச் அடிப்பார்கள். இப்போது செல்போன். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பெண்கள் சேர்ந்து கருவேலங்காட்டுக்கு நடக்க வேண்டும், ஒரு ஆண் துணைக்குத் தள்ளி நிற்க வேண்டும். அதனால் அம்மா மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீரே குடிக்க மாட்டாள். அப்படிக் குடிக்காமலே இருபது வருடம் விடிய விடிய ஆடியவள். பின்னால் சிறுநீரகக் கோளாறு என்று டாக்டர் சொன்னபோது, "தண்ணி நெறையக் குடிங்கம்மா" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பபூனும் டான்ஸும் வரும் முதல் இரண்டு மணி நேரத்தைத்தான் இன்று யூடியூபில் வெட்டி வெட்டிப் போடுகிறார்கள். நாக்கூசும் தலைப்பு, முகம் தெரியும் படம். பார்க்கிறவர்கள் ஏராளம். ஆடிய பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? அவளுக்கு ஒரு ரூபாய் போகுமா? "ஏன் இப்படி ஆபாசமாக ஆடுகிறார்கள்" என்று கேட்கும் முற்போக்காளர்களே, அந்தப் பேச்சு யார் கேட்டு வருகிறது? "என்னப்பா சுள்ளுனு ஒண்ணும் இல்லியே" என்று கமிட்டி ஆள் திரைக்குள் தலையை நீட்டிச் சொல்வதை நான் எத்தனையோ ராத்திரி கேட்டிருக்கிறேன். சுள்ளென்று பேசாவிட்டால் அடுத்த வருடம் அந்த ஊர் இல்லை. பேசினால் ஊருக்குள் 'அந்த மாதிரிப் பொம்பளை'. கேட்டவன் மட்டும் எப்போதும் கௌரவமான விழாக் கமிட்டியாராகவே இருக்கிறான்.

திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கேட்டுப் போனால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனைகள் போடும். ஆபாசம் கூடாது, சாதியைத் தூண்டும் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடுகிறவளின் பாவாடை நீளத்தைக் கவனிக்க இத்தனை கண்கள் இருக்கும் நாட்டில், அவள் அந்தப் பாவாடையை எங்கே மாற்றினாள் என்று கேட்க ஒரு கண் இல்லையே? பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்தது. அமைப்புசாராத் தொழிலாளிக்கும் பொருந்தும் என்கிறது, மாவட்டந்தோறும் புகார்க் குழு வேண்டும் என்கிறது. எங்கள் கொட்டகை பணியிடம்தான் என்று ஒரு ஆட்சியராவது ஒரு கமிட்டிக்குச் சொல்லியிருந்தால் எனக்கு யாராவது காட்டுங்கள்.

இனி அன்பளிப்புச் சீட்டுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டத்திலிருந்து ஐம்பது, நூறு ரூபாய் நோட்டோடு துண்டுச் சீட்டு வரும். அதில் கொடுத்தவர் பெயர், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம். முருகன் வேடத்தில் இருந்தாலும் அரிச்சந்திரன் வேடத்தில் இருந்தாலும் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் அதை வாசிக்க வேண்டும். பட்டத்தை இழுத்து, ராகம் போட்டு. எந்தச் சாதி என்று நான் சொல்லப்போவதில்லை. தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று. பட்டம் மாறும், சீட்டு மாறாது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தைத் தூக்கி எறியச் சொன்னார்கள். நோட்டீஸில் எங்கள் பெயருக்கு முன்னால் ஊர் மட்டும்தான் இருக்கும், மதுரை இன்னார், புதுக்கோட்டை இன்னார் என்று. பட்டம் இல்லாத அந்த வாயால், மறைத்து வைத்த சாதியோடு, அடுத்தவன் பட்டத்தைப் பாட வேண்டும்.

1998-ம் வருடம், நான் ஏழாம் வகுப்பு. அரிச்சந்திரா நாடகம். அப்பா அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தார் என்று கடைசிவரை சொல்லவில்லை. சீட்டை வாங்கினார். பெயரை மட்டும் வாசித்தார். "இன்னார் அவர்கள் அன்பளிப்பு ரூபாய் நூறு." பட்டத்தை விட்டுவிட்டார். இரண்டாவது சீட்டிலும் விட்டார். மூன்றாவது சீட்டுக்குள் கொட்டகைக்குள் ஐந்தாறு பேர் வந்துவிட்டார்கள். யாரும் கை வைக்கவில்லை. "எங்க பேரை முழுசாச் சொல்ல வாய் வலிக்குதோ? நீ யாருன்னு விசாரிச்சுட்டோம்டா" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அப்பா கிரீடத்தோடு மேடைக்குப் போனார். மூன்று பேரையும் பட்டத்தோடு வாசித்தார். தெரியாமல் நடந்துவிட்டது, ஊரார் மன்னிக்க வேண்டும் என்று கைகூப்பினார். கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் மயான காண்டம். நாட்டை இழந்த ராஜா சுடுகாட்டு வெட்டியானுக்கு அடிமையாகி, பெற்ற பிள்ளையின் பிணத்துக்கே கால் பணமும் முழத்துண்டும் கேட்டு நிற்கும் இடம். அப்பா நிஜமாகவே அழுதார். பொட்டலே அழுதது. அன்று பார்த்த மாதிரி நடிப்பை அதற்குமுன் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்களாம்.

நான் அந்த அழுகையைப் பற்றி இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ராஜா வெட்டியான் வேலைக்கு வந்துவிட்டானே என்று அழும் ஊர், அந்த ஊரிலேயே பரம்பரையாக வெட்டியான் வேலை பார்க்கும் குடும்பத்துக்காக ஒரு நாள் அழுததுண்டா? அந்தக் குடும்பமும் அன்று நாடகம் பார்த்தது. பொட்டலுக்கு வெளியே, தார் ரோட்டு ஓரமாக நின்று பார்த்தது. என் தாத்தா எங்கள் ஊரில் அந்த வேலையைத்தான் பார்த்தார். அப்பா நாடகத்துக்கு ஓடியதே அந்தக் கோலைத் தொடக்கூடாது என்றுதான். கடைசியில் அதே கோலைத் தோளில் வைத்துக்கொண்டு சம்பாதித்தார், ராஜா வேடத்தில் வைத்திருந்ததால் கைதட்டலோடு. காலையில் கணக்கு முடிக்கும்போது சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. விசுவநாத தாஸை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் பிறந்தவர், வெள்ளைக்காரனை எதிர்த்து மேடையில் பாடிப் பலமுறை சிறைக்குப் போனவர், 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேடத்திலேயே மேடையில் உயிரை விட்டவர். மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடி சேர நடிகைகள் மறுத்தார்கள். சேர்ந்து நடிக்க முன்வந்தவர், பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவரான கே.பி. ஜானகி அம்மாள். தாஸுக்குத் திருமங்கலத்தில் அரசு நினைவு இல்லம் இருக்கிறது. மாலை போடுகிறவர்கள் தேசபக்தியைப் பேசுகிற அளவுக்கு இந்த மறுப்பைப் பேசுவதில்லை.

'கலை அழிகிறது' என்று மட்டும் அழாதீர்கள் என்கிறேன். இந்தக் கலை அழிந்தால் எனக்கும் வலிக்கும், ஆர்மோனியத்தின் முதல் சுருதி கேட்டால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் எதைக் காப்பாற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு காப்பாற்றுவோம். குறவன் குறத்தி ஆட்டத்தை 2023-ல் அரசு தடை செய்தது, இழிவுபடுத்தப்பட்ட மக்களே விடாமல் போராடியதால். அப்போதும் மரபு அழிகிறது என்றுதான் சிலர் புலம்பினார்கள். மேடையிலிருந்து சாதிப் பட்டத்தை எடுத்தால் வள்ளி திருமணம் செத்துவிடாது. அனுமதி கொடுக்கும் காவல் நிலையம், பட்டம் வாசிக்கக் கூடாது என்றும், கதவுள்ள அறையும் கழிப்பறையும் வேண்டும் என்றும், சம்பளத்தை நாடகம் தொடங்குமுன் கொடுக்க வேண்டும் என்றும் அந்தத் தாளிலேயே மூன்று வரி சேர்க்கலாம். சேர்க்கச் சொல்லி நடிகர் சங்கங்கள் கேட்க வேண்டும். சங்கங்கள் கேட்கத் தயங்கும், ஊர் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் ஊர் போனாலும் சோறு போகாத நாம் கேட்க வேண்டும். நாடகம் பார்க்க வேன் பிடித்துப் போகும் தோழர்களே, ஒரு தடவை செல்போனை உள்ளே வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். கமிட்டியாரிடம், அவர்கள் முகத்தைப் பார்த்து, இவர்களுக்கு எங்கே இலை போட்டீர்கள் என்று கேளுங்கள்.

என் சித்தி மகள் இப்போது டான்ஸாகப் போகிறாள். வரும் மாசி நாடகத்து நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவள் படம் தபால்தலை அளவு. கீழே அரைப் பக்கத்துக்கு விழாக் கமிட்டியார் பெயர்கள், ஒன்றுவிடாமல் பட்டத்தோடு. போன் போட்டு, "துணி மாத்த ரூம் இருக்காடி?" என்று கேட்டேன்.

"போனாத்தாங்க்கா தெரியும்" என்றாள்.